கடைசியாகக் கதவைப் பூட்டுகிறவர்

— பொய் சொல்றா. எழுதியே தரேன், உன் மக பொய் சொல்றா.

— மெதுவா பேசுங்க, வார்டு கதவு திறந்துதான் கிடக்கு. முதல் மார்க் வாங்கினா உங்க மக, ஆஸ்பத்திரியில படுத்தா என் மகளா?

— சரி, நம்ம மக. பன்னெண்டு வயசுல நம்ம கண்ணுல மண்ணைத் தூவுறா. டாக்டர் என்ன சொன்னாரு? ஒழுங்கா இன்சுலின் போட்டுக்கற பொண்ணுக்குச் சர்க்கரை இப்படி ஏறாதுன்னாரா இல்லையா? மயங்கி விழுந்தவளை இங்க கொண்டு வந்தோம். இவங்க ஊசி போட்டாங்க. இறங்கிடுச்சு. அப்போ வீட்ல மட்டும் ஏன் இறங்கல? கணக்குன்னா கணக்கும்மா. ஒண்ணு, அவ போட்டுக்கல. இல்லேன்னா பள்ளிக்கூடத்துல எவளோ மிட்டாயா வாங்கித் தள்றா.

— ரெண்டு வேளையும் என் கண்ணு முன்னாடிதான் போட்டுக்கறா. ஊசி இறங்குறதையும் பார்க்கறேன், அவ உதட்டைக் கடிக்கறதையும் பார்க்கறேன்.

— காலையில நீ அடுப்பைப் பார்ப்பியா, அவளைப் பார்ப்பியா?

— ரெண்டையும் பார்ப்பேன். அப்படியே உங்க சட்டையில பட்டன் இருக்கான்னும் பார்ப்பேன்.

— கிண்டல் பண்ற நேரமா இது?

— அழுதா உங்களுக்குப் பிடிக்காதே. வேற என்ன செய்யறது? நாளைக்கு வீட்டுக்கு அனுப்பறாங்க. காரணம் தெரியாம கூட்டிட்டுப் போனா திரும்பவும் விழுவா. அடுத்த தடவை நேரத்துக்கு வந்து சேருவீங்களான்னு டாக்டரே கேட்டாரு.

— அதுக்குத்தான் சொல்றேன். நாளையிலேர்ந்து என் கையால ஊசி போடறேன். யார் ஏமாத்தறான்னு தெரிஞ்சுடும்.

— எந்த மருந்தை?

— வீட்ல இருக்கறதைத்தான். இன்னும் ஒரு மாசத்துக்கு வருமே.

— அது வேண்டாங்க. டாக்டர் இன்னொண்ணும் சொன்னாரு, நீங்கதான் காதுல வாங்கல. மருந்து கெட்டுப் போயிருந்தாலும் இப்படித்தான் ஆகுமாம்.

— எப்படி கெடும்? தேதி தாண்டலையே. நான் ஸ்டோர் கீப்பர்ம்மா. கம்பெனி ஸ்டோர்ல ஒரு ஆணி காலாவதி ஆனாக்கூட எனக்குத் தெரியும்.

— ஆணி காலாவதி ஆகாதுங்க.

— ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

— மூணு மாச மருந்தை மொத்தமா வாங்கினீங்க இல்ல? அதுதான் எனக்கு உறுத்துது. அவ்வளவு மலிவா அந்த மருந்துக் கடைக்காரர் ஏன் கொடுக்கணும்?

— மொத்தமா எடுத்தா யாரும் குறைப்பாங்க. அவர் மகனுக்கும் இதே சர்க்கரைதான், அதே பெட்டியிலேர்ந்துதான் எடுக்கறாரு. அந்தப் பையன் நல்லாத்தானே பந்து ஆடிட்டு இருக்கான்? இதோ பாரு, கம்பெனியில ஒரு ஷிப்டை மூடினதுலேர்ந்து பாதிச் சம்பளம். வண்டியை வித்தேன். டீயை விட்டேன். நீ பஸ்ஸை விட்டுட்டுத் தையல் கம்பெனிக்கு நடக்கறே. எதுல வேணா கை வெச்சேன், அவ மருந்துல வெச்சேனா?

— மருந்துல வைக்கல. தினம் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கற ஸ்ட்ரிப்புல வெச்சீங்க. வாரத்துக்கு ஒண்ணு போதும்னீங்க.

— அது பார்க்கறதுக்கு மட்டும்தானே...

— பார்த்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும். விடுங்க. நானும்தான் சரின்னு தலையாட்டினேன். இந்தாங்க, அந்த மருந்தைப் பிடிங்க. டாக்டர்கிட்ட காட்டத்தான் மத்தியானம் போய் எடுத்துட்டு வந்தேன்.

— யப்பா! என்ன இப்படிச் சில்லுனு இருக்கு?

— ஈரத்துணியில சுத்திக் கொண்டு வந்தேன். ஆனா எடுக்கறப்பவே இப்படித்தான் இருந்துச்சு, அதாங்க எனக்கும் புரியல. ஃபிரிட்ஜுக்குள்ள பக்கத்துல தண்ணி பாட்டில் இருந்துச்சு. வெயில்ல நடந்து போனதுக்கு ஒரு மடக்கு குடிச்சேன், பல்லு கூசிடுச்சு.

— ஃபிரிட்ஜ் தண்ணின்னா கூசத்தானே செய்யும்?

— நம்ம ஃபிரிட்ஜ் தண்ணி கூசி ரெண்டு மாசமாச்சுங்க. சாயங்காலம் வேலை விட்டு வந்து வாயில ஊத்தினா குழாய்த் தண்ணியே மேல்னு இருக்கும். உள்ள கேஸ் போயிடுச்சு போலன்னு நினைச்சேன்.

— எங்கிட்ட ஏன் சொல்லல?

— சொன்னா? ரிப்பேருக்குச் செலவு பண்ண மாட்டீங்க. இதுதான் சாக்குன்னு வித்துடுவீங்க. ஏற்கெனவே அதைப் பார்த்தா உங்களுக்கு ஆகாது.

— ஆகாதுன்னு இல்ல. பால் அன்னன்னிக்கு, காய் அன்னன்னிக்கு. சமைச்சது எதுவும் மிஞ்சறதில்ல. திறந்தா காலியா இருக்கு. மகாராணி மருந்துக்குன்னே தனி அரண்மனை ஓடுதுன்னு ஒரு தடவை சாப்பிடறப்ப சொன்னேன். தமாஷுக்குத்தான். அவளும்தான் சிரிச்சா.

— அது கிடக்கட்டும். ரெண்டு மாசமா குளிராம கிடந்த ஃபிரிட்ஜ் இன்னிக்கு மட்டும் எப்படிங்க குளிருது?

— தானா சரியாகி இருக்கும்.

— தானா சரியாகறதுக்கு அது என்ன ஜலதோஷமா? நேத்துலேர்ந்து வீட்ல என்ன மாறிச்சு? யோசிச்சுச் சொல்லுங்க.

— என்ன மாறும்? நாம ரெண்டு பேரும் இங்கதான் கிடக்கறோம். நேத்து அவளைத் தூக்கிட்டு ஓடி வந்தப்ப வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுட்டு வந்தோம். ராத்திரி நான் போய்ப் பார்த்தா ஹால்ல லைட் எரியுது, ஃபேன் சுத்துது. கதவை மட்டும்தான் பூட்டியிருந்தேன்.

— நீங்க பூட்டினீங்க.

— ஆமா, நான்தான்.

— மத்த நாள்ல யாரு பூட்டறது?

— மகாராணிதான். விடியறதுக்குள்ள நான் போயிடறேன், அப்புறம் நீ, அப்புறம்தான் அவ. இது என்ன புதுக் கேள்வி? கடைசியா பூட்டறவங்க எல்லாத்தையும் அணைச்சுட்டுத்தான் படி இறங்கணும்னு நாமதானே சட்டம் போட்டோம்! சும்மா சொல்லக்கூடாது, அதுல அவ கெட்டி. கரண்ட் பில்லு பாதியா இறங்கிச்சே, மறந்துட்டியா? அன்னிக்கு அவளை நாற்காலியில ஏத்தி நிக்க வெச்சுக் கை தட்டினோமே.

— பாதியா?

— கிட்டத்தட்ட பாதி.

— என்னங்க, நம்ம வீட்ல ரெண்டு லைட்டு, ஒரு ஃபேன். அதைப் பகல்ல அணைச்சா பில்லு பாதியா இறங்குமா? கணக்குன்னா கணக்குன்னு சொல்வீங்களே. போடுங்க.

— இரு.

— போடுங்கன்னேன்.

— இரும்மா... மொட்டை மாடி வீடு. பகல் பூரா பூட்டிக் கிடக்கும். உள்ள சூளை மாதிரி கொதிக்கும். அதுக்குள்ள மூணு மாச மருந்து. மூணு மாச மருந்தையும் ஒண்ணா வாங்கி நான்தானே அடுக்கினேன். தினம் தினம் அது...

— உட்காருங்க.

— வேண்டாம். உள்ள வா. அவகிட்டயே கேட்டுடலாம்.

— திட்டக்கூடாது.

— திட்டறதா? நானா? வா.

— அம்மா? ரெண்டு பேரும் ஏன் இப்படி வந்து நிக்கிறீங்க? டாக்டர் ஏதாவது சொன்னாரா?

— ஒண்ணுமில்லடா. நீ எழுந்திரிக்காதே, டியூப் இழுத்துக்கும்.

— அப்பா, நான் மிட்டாய் சாப்பிடலப்பா. ஊசியும் ஒரு நாள்கூட விடல. அம்மாகிட்ட கேளுங்க.

— தெரியும் கண்ணு. அப்பா நம்பறேன்.

— காலையில நம்பலையே.

— காலையில அப்பாவுக்கு மூளை வேலை செய்யல. மகாராணி, ஒண்ணு கேக்கறேன். திட்ட மாட்டேன். பள்ளிக்கூடம் கிளம்பறப்ப என்னென்ன அணைச்சுட்டு வருவே?

— லைட்டு, ஃபேன், சார்ஜர். நீங்க சொன்ன மாதிரி எல்லாத்தையும்.

— ஃபிரிட்ஜ்?

— ஃபிரிட்ஜாப்பா?

— சொல்லுடா, ஒண்ணும் பண்ண மாட்டோம்.

— சாயங்காலம் வந்ததும் முதல் வேலையா போட்டுடுவேன்மா. நீங்க வர்றதுக்குள்ள. அதைத் தொடக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே.

— சொல்லல. நாங்க சொல்லவே இல்லடா. என் தப்பு.

— ஏன் அப்பா அழறீங்க? தப்பா? பில்லு குறைஞ்சப்ப எவ்ளோ நாளைக்கு அப்புறம் சிரிச்சீங்க தெரியுமா?

— நான் சிரிக்கறதுக்காகவா தங்கம் அப்படிச் செஞ்சே?

— அதுக்கு மட்டும் இல்லப்பா. நீங்க வண்டியை வித்தீங்க. டீயை விட்டீங்க. அம்மா கால் வீங்கி நடந்து வர்றாங்க. திறந்து பார்த்தா உள்ள என் மருந்து, ஒரு தண்ணி பாட்டில், வேற ஒண்ணுமே இல்ல. எனக்கு மட்டும் எதுக்குப்பா ஒரு அரண்மனை?