ஒரு சாண்கூட அதிகம் இழுக்காதவர்

தலைமை ஏற்றிருக்கும் முதலாளி அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மேஸ்திரி வீட்டு அண்ணி அவர்களே! கை ஈரம் காயாமல் வேலையிலிருந்து நேரே வந்திருக்கும் தோழர்களே! வணக்கம்.

நம் கொக்கி மேஸ்திரி மறைந்து இன்றோடு எட்டு நாள். எனக்கு மேடைப் பேச்சு வராது. ஆனால் அவரைப் பற்றிப் பேச என்னைவிட உரிமையுள்ளவர் யார்? அலசிய கம்பளித் துணியை மரச்சட்டத்தின் கொக்கிகளில் இழுத்து மாட்டிக் காயவைக்க, கரைக்கு ஒருவராக இரண்டு பேர் வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகள் அந்தக் கரையில் அவர், இந்தக் கரையில் நான். என் வீட்டுக்காரி முகத்தைவிட அவர் முகத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்!

கொக்கிகளை மாட்டி முடித்ததும் புறங்கையால் துணியைத் தடவுவார். "போதும்டா, அதுக்கு வலிக்குது" என்பார். துணிக்கு வலிக்குமா என்று நாங்கள் சிரிப்போம். வலிக்கும் தோழர்களே! ஈரத்தில் அளவு மீறி இழுத்த துணி அப்போதைக்கு நீளும். வாங்கியவர் வீட்டில் முதல் முறை நனைந்ததும் சுருங்கிவிடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒருமுறை அவர் விடுப்பில் இருந்தபோது, ஒரு துணி ஒரு சாண் குறைகிறதே என்று நானே இழுத்து மாட்டிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து ஒரு வாத்தியார் நம் வாசலில் வந்து நின்றார். அந்தத் துணியில் தைத்த கால்சட்டை கெண்டைக்காலுக்கு ஏறியிருந்தது. அதையே போட்டுக்கொண்டு வந்திருந்தார்!

"யார் இழுத்தது?" என்று முதலாளி கேட்டார். நான் மேஸ்திரிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். நான் இழுத்த அன்றைக்கு ஊரிலேயே இல்லாத அந்த மனிதர் என்ன சொன்னார்? "நாங்கதான் இழுத்துட்டோம் முதலாளி." நாங்களாம்! வெளியே வந்ததும் என்னிடம், "சட்டத்துக்கு ரெண்டு கரைடா, திட்டையும் பாதிப் பாதியா வாங்கிக்குவோம்" என்றார். முதலாளி அவர்களே, இந்த உண்மை இன்றுதான் உங்களுக்குத் தெரிகிறது. மன்னியுங்கள்.

நேற்று மாலை முதலாளி என்னைக் கூப்பிட்டார். "இனி நீதான் மேஸ்திரி. பெரிய ஆர்டர் வந்திருக்கு, நூல் பத்தாது. துணிக்கு ஒரு சாண் இழுத்துக் குடு" என்றார். மேஸ்திரியிடம் இப்படிக் கேட்க யாருக்காவது வாய் வந்திருக்குமா? நானோ, "யோசிச்சுச் சொல்றேன்" என்று வந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

முதலாளி அவர்களே, பதிலை இங்கேயே சொல்கிறேன்: முடியாது! அந்தப் பதவியை வேறு யாருக்காவது கொடுங்கள், தாராளமாக. ஆனால் அந்தப் புது மேஸ்திரிக்கு எதிர்க்கரையில் நிற்க ஒரு ஆள் வேண்டுமே? தோழர்களே, துணியை அதிகம் இழுக்கச் சம்மதிப்பவர் கை தூக்குங்கள்!

ஒரு கைகூட எழவில்லை. நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் முதலாளி.

அண்ணி, அழாதீர்கள். நாளைக் காலை ஏழு மணிக்கு முதல் துணி சட்டம் ஏறுகிறது. அவர் நின்ற கரையில், சாயப் பிரிவிலிருந்து வரும் உங்கள் மகள் நிற்கப் போகிறாள். நான் ஒரு சாண் அதிகம் இழுத்தால் கையிலேயே ஒன்று போடச் சொல்லியிருக்கிறேன். அப்பாவின் கை அவளுக்கு. போடுவாள்.