விதுஷாவுக்கு வைத்த பெரட்டு

விழாத் தலைவரும் எங்கள் கோயில் பரிபாலன சபையின் அசையாத தூணுமாகிய கஜேந்திரன் அவர்களே! ஒலிபெருக்கியை இலவசமாகத் தந்துவிட்டு, முன்வரிசையில் அமர்ந்து அதைவிட ஓங்கிக் கொட்டாவி விடும் ஹாலிஎல கடைக்கார அன்பர் புவாத் நானா அவர்களே! காலையெல்லாம் தேயிலைக் கொழுந்து பறித்த கையோடு, மாலையில் கைதட்டவும் வந்து சேர்ந்த தாய்மார்களே! பேச்சு எப்போது முடியும், வடை எப்போது வரும் என்று வாசலையே பார்த்திருக்கும் பெரியோர்களே! உயர்தரப் பரீட்சையில் தோட்டத்தின் தலையை நிமிர்த்திவிட்டுத் தன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும் எங்கள் விதுஷாவே! எல்லோரையும் கும்பிட்டுத் தொடங்குகிறேன்.

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். என் சட்டையைப் பாருங்கள். மாடு மென்று துப்பியதுபோல் இருக்கிறதல்லவா? காரணம், அதோ அந்த மாணவிதான். பெறுபேறு வந்த கிழமை எங்கள் வீட்டு அயன் பெட்டி சூடேற மறுத்தது. வாழ்த்துச் சொல்லும் சாக்கில் ஒரு கையில் லட்டு, மறு கையில் அயன் பெட்டி என்று விதுஷாவின் லயத்து வீட்டுக்குப் போனேன். பௌதிகவியலில் ‘ஏ’ எடுத்த பிள்ளை, ஒரு அயன் பெட்டியை எழுப்பாதா?

இந்த அற்ப புத்தி எனக்கு மட்டும்தான் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் வாசலில் வரிசை! வாய் திறக்காத ரைஸ் குக்கர், சுற்றாத மின்விசிறி, பேசாத வானொலி. வரிசையின் முன்னால் யார்? வேறு யார், நம் தலைவர்! கையில் டிவி ரிமோட். சிரிக்காதீர்கள் தலைவரே, நானும் உங்களுக்குப் பின்னால்தானே நின்று, அயன் பெட்டியை அங்கே ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

அன்றுதான் அந்தப் பிள்ளை உண்மையைச் சொன்னது. “மாமா, நான் எஞ்சினியருக்குப் போகல. கோட்பாட்டுப் பௌதிகவியல் படிக்கப் போறேன்.”

“அப்படீன்னா என்னாம்மா? என்னா கருவி வச்சு வேலை செய்வ?”

“பேனாவும் பேப்பரும் போதும் மாமா. கருந்துளைக்குள்ள விழுந்த தகவல் அழிஞ்சி போகுதா, இல்ல எங்கயாச்சும் மிஞ்சுதான்னு பாக்கணும்.”

அடடா! கருந்துளையைத் தேடி ஆகாயத்துக்குப் போவானேன்? எங்கள் தோட்டத்து ஆபீசில் ஒரு மனுவைப் போட்டுப் பார். உள்ளே போன தகவல் இன்றுவரை வெளியே வந்ததுண்டா? கூரை ஒழுகுகிறது என்றோம், வந்ததா? பாதை உடைந்தது என்றோம், வந்ததா? பள்ளிக்கூடத்துக்குப் பௌதிகவியல் ஆசிரியர் இல்லை என்றோம், வந்தாரா?

சரி. செய்தி சபைக்குப் போனது. சபை கொதித்தது. ஏன்? பேனர் அச்சாகிவிட்டது! என் தலைக்கு மேலே பாருங்கள்: ‘எங்கள் தோட்டத்தின் முதல் பொறியியலாளர் விதுஷா வாழ்க!’ பிள்ளை பல்கலைக்கழக வாசலையே மிதிக்கவில்லை, நாம் பட்டமே கொடுத்துவிட்டோம். வேறு எந்த ஊரில் இந்தக் கூத்து நடக்கும்?

நேற்று கஜேந்திரன் என்னிடம் வந்தார். “அண்ணே, நாளையோட விண்ணப்பம் முடியுது. நீங்க நாலு வார்த்த பேசி புள்ள மனச மாத்திருங்க. பேனர மாத்த ஏலாது.” அதற்குத்தான் இந்த மேடை, இந்த மாலை, இந்தப் பொன்னாடை. தலைவரே, கண்ணைக் காட்டாதீர்கள். மாலை போட்டாயிற்று, இனிக் கழற்ற முடியாது.

விதுஷா, கேட்டுக்கொள். கோட்பாட்டுப் பௌதிகவியல் உனக்கு எதற்கு? கணக்கு, கணக்கு, கணக்கு! கண் விழித்தால் கணக்கு, கண் மூடினால் கணக்கு. ஆங்கிலத்தில் வாசிக்க வேண்டும், அதற்கு அகராதியோடு குடித்தனம் நடத்த வேண்டும். வருஷக்கணக்காக யோசித்தது ஒரே சமன்பாட்டில் பிழையாகிப்போகும். அழுதுவிட்டு மறுநாள் மறுபடி உட்கார வேண்டும். கலியாணப் புரோக்கர் ‘புள்ள என்னா செய்யுது?’ என்று கேட்டால், உன் அம்மா ஜெயந்தினி ‘யோசிக்குதுங்க’ என்று சொல்ல வேண்டும். இன்னொன்றையும் சொல்கிறேன். கணக்கே தெரியாமல் பிரபஞ்ச ரகசியத்தைக் கண்டுபிடித்தவர்கள் தினமும் உனக்கு எழுதுவார்கள். பதில் போடாதே. அதில் ஒருவன் நான். ஒளியின் வேகம் தப்பு என்று முகநூலில் நிறுவியிருக்கிறேன். என் மனைவி மட்டும் லைக் போட்டாள்.

முக்கியமானது இதுதான்: கோட்பாட்டுக்காரர் கையால் பழுது பார்க்க மாட்டார். ரிமோட், ரைஸ் குக்கர், அயன் பெட்டி, எதுவும் நடக்காது!

யார் அங்கே கத்துவது? முருகையாவா? “பேச்சு நல்லாத்தான் இருக்கு, இந்தப் படிப்பு சோறு போடுமா?” என்கிறார். நியாயமான கேள்வி. உறுதியாக எனக்குத் தெரியாது முருகையா. ஆனால் பௌதிகவியல் படிப்பிக்க ஆளில்லை என்று போன மனுவில் முதல் கையெழுத்து யாருடையது? உன்னுடையது! அந்தப் படிப்பைத் தேடி ஒரு பிள்ளை போகிறது, அதை மறிக்கிற முதல் கை யாருடையது? அதுவும் உன்னுடையதா?

அன்பர்களே! விடிந்தால் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நிற்கிறோம். கங்காணி பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். ‘நீ மேல்மலைக்குப் போ, நீ கீழ்மலைக்குப் போ.’ எந்த மலை வேண்டும் என்று நம் பாட்டனைக் கேட்டார்களா? நம் அப்பனைக் கேட்டார்களா? மழையில் நனைந்து நிற்கும் நம் தாயைக் கேட்டார்களா? கேட்கவில்லை! கேட்காத கூட்டத்தை இத்தனை காலம் ஏசினோமே, இன்று இந்த மண்டபத்தில் நாம் நடத்துவது என்ன? பாராட்டு விழாவா? பெரட்டு, ஐயா, பெரட்டு! பொன்னாடை போர்த்திய பெரட்டு! ஒலிபெருக்கி வைத்த பெரட்டு! ‘விதுஷா, நீ எஞ்சினியர் மலைக்குப் போ’ என்று பேர் கூப்பிடுகிற கங்காணிகள் யார்? நாம்! அவள் மலையை அவளே தேர்ந்தெடுக்கட்டும்! இன்றுதான் கடைசி நாள். எழுந்து வா அம்மா, இந்த ஊர் அறிய உன் முடிவைச் சொல்!

என்ன? மைக்கில் சொல்லம்மா.

“கடைசி நாள் நேத்து மாமா. தலைவர் மாமா திகதிய மாறி வச்சிருக்காரு. நான் போன கிழமையே ஹாலிஎலயில கம்பியூட்டர் கடைக்குப் போய் அனுப்பிட்டேன். பௌதிகவியல்தான் முதல்ல போட்டேன். அம்மாவும் கூட வந்தாங்க.”

ஜெயந்தினி, தங்கச்சி, தெரிந்துமா இவ்வளவு நேரம் பேசவிட்டாய்?

“நீங்கல்லாம் அம்புட்டு ஆசையா பேனர் கட்டிக்கிட்டு இருந்தீங்க. எப்படிங்கண்ணே சொல்றது?”

கேட்டீர்களா? நாம் பெரட்டைக் கலைக்கும் முன்பே பிள்ளை மலையேறிவிட்டது. தலைவரே, அந்தப் பேனரைத் திருப்பிக் கட்டுங்கள். பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கிறது. அவள் என்ன ஆகிறாள் என்று பார்த்து, அப்புறம் எழுதுவோம்.

பொறுத்திருந்த செவிகளுக்கும், ஆறிக்கொண்டிருக்கும் வடைகளுக்கும் என் நன்றி. விடைபெறுகிறேன், வணக்கம்.

ஒரு நிமிஷம், விதுஷா இன்னும் ஏதோ சொல்கிறது. என் அயன் பெட்டி அன்றைக்கே சரியாகிவிட்டதாம். உள்ளே ஒரு வயர் கழன்றிருந்ததாம். பிள்ளை போட்டிருக்கும் பாவாடை சட்டையைப் பாருங்கள். இந்த மண்டபத்திலேயே கசங்காத உடுப்பு அது ஒன்றுதான்.