இரண்டு ஞாயிறுக்கு ஒரு செவ்வாய்

பொருளியல் துறையைப் பதினெட்டு ஆண்டு கட்டி ஆண்ட தலைவரே! சுண்ணக்கட்டி தேய்ந்தாலும் சொல் தேயாத செம்மலே! வளைகோடுகளை வரைந்து வரைந்து, தாம் மட்டும் வளையாது நின்ற வல்லவரே! வணக்கம்!

நீங்கள் ஓய்வு பெறும் இந்நாளில் துறையின் சார்பில் உங்களைப் பாராட்டும் பொறுப்பு, உங்களுக்கும் மூத்தவரான அட்டெண்டர் தலையில் விழுந்தது. ஓய்வு கொடுத்த பிறகும் ஒப்பந்தத்தில் கதவு திறப்பவர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு அம்மா அடித்தார். நடுவில் அம்மா சர்க்கரை தடவிவிடுவாரோ என்ற சந்தேகத்தில், மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பின்பே அவர் கையெழுத்துப் போட்டார்.

பாடம் நடத்துவதில் உங்களுக்கு நிகர் நீங்களே! ஆண்டுதோறும் அட்டெண்டரை வகுப்புக்குள் அழைத்து, பலகை ஓரம் நிறுத்துவீர்கள்.

"பெரியவரே, உங்க கையில பத்து பன், ஒரு டீ. இன்னொரு டீக்கு எத்தனை பன் குடுப்பீங்க?"

"நாலு தரலாம் சார்."

"இப்ப ஆறு பன், ரெண்டு டீ. இன்னொண்ணுக்கு?"

"ரெண்டு."

"இப்ப நாலு பன், மூணு டீ?"

"ஒண்ணு தர்றேன். அதுக்கு மேல கேட்டா அந்த டீயை நீங்களே குடிங்க."

வகுப்பு சிரிக்கும். நான்கு, இரண்டு, ஒன்று என்று எழுதிக் காட்டுவீர்கள். ஒன்றைப் பெற மற்றதில் எவ்வளவு விட்டுக்கொடுக்க மனம் வருகிறதோ, அதுவே இறுதிநிலைப் பதிலீட்டு வீதம். கையிருப்பு குறையக் குறைய மிச்சம் அருமையாகும், வீதம் இறங்கும் என்பீர்கள். "பெரியவருக்கே புரியுது, உங்களுக்குப் புரியலையா?" என்று பிள்ளைகளையும் குட்டுவீர்கள். அது பாராட்டா கேலியா என்று அவருக்கு இன்றுவரை தெளிவில்லை. ஆனால் பாடம் புரிந்தது.

நிர்வாகத்திலும் நீங்கள் நிகரற்றவர்! வேலை நாளில் லீவு வேண்டுமென்றால் ஞாயிறு வந்து ஈடுகட்ட வேண்டும் என்பது உங்கள் ஏற்பாடு. ஓர் ஆண்டு, விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த மாதம், அட்டெண்டரிடம் "ஒரு நாளுக்கு எத்தனை ஞாயிறு வருவீங்க?" என்று கேட்டீர்கள். ஆண்டு முழுக்க ஞாயிறு கொட்டிக் கிடந்த நேரம். "ரெண்டு வர்றேன் சார்" என்று அவர் வாய் விட்டார். டைரியில் குறித்துக்கொண்டீர்கள்.

அந்த ஆண்டுதான் அவர் மனைவி படுக்கையில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஏழு நாள் லீவு. பதினான்கு ஞாயிறு உங்கள் அலமாரிகளைத் துடைத்துத் தீர்ந்தது. தேர்வுப் பணிக்கென்று இன்னும் பல போயின. ஆபரேஷன் ஒரு செவ்வாய்க்கிழமை என்றார்கள். ஆண்டு முடிய மிச்சம் இருந்தது ஒரே ஞாயிறு.

"அதை எடுத்துக்கங்க சார். செவ்வாய் மட்டும் விடுங்க. அவ கண்ணு என்னைத்தான் தேடும்."

"உங்க ரேட்டு ரெண்டு, பெரியவரே. நீங்களே சொன்னது."

"சொன்னப்ப நிறைய இருந்துச்சு சார்."

"ஆளுக்கு ஒரு ரேட்டு, நாளுக்கு ஒரு ரேட்டுன்னா துறை நடக்காது."

பன்னுக்கு நாலிலிருந்து ஒன்றுக்கு இறங்கிய வீதம், அவர் ஞாயிறுக்கு மட்டும் இரண்டிலேயே ஆணி அடித்து நின்றது. அந்தச் செவ்வாய், தேர்வுக் கூடத்தில் அறுபது பெஞ்சுகளை அவர் வரிசைப்படுத்தினார். கடைசி பெஞ்சை இழுக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டுக்கு ஆள் வந்தது. ஆபரேஷன் அறைக்குப் போகும்வரை வாசலையே பார்த்திருந்தாராம் அந்த அம்மாள். திரும்பி வரவில்லை.

நேரந் தவறா நெறியாளரே! போன வாரம் நீங்கள் அட்டெண்டரின் கையிலிருந்த சாவியைப் பார்த்தபடி கேட்டீர்கள்: "ரிட்டயர் ஆனா ஏழு நாளும் ஞாயிறுதான், பெரியவரே. தினம் ஒரு மணி நேரம் வந்து என் ரூம்ல உக்காந்துக்கட்டுமா? என் ஞாயிறு எல்லாத்தையும் வேணும்னாலும் எடுத்துக்கங்க."

மலிந்ததை அள்ளிக் கொடுக்கிறீர்கள். கையிருப்பு குறைந்தால் வீதம் இறங்கும் என்பதும் உங்களுக்குத் தெரிந்தே இருக்கிறது ஐயா!

நூறாண்டு நோய்நொடியின்றி வாழ்க! அவர் உங்களுக்குக் கொடுத்த ஞாயிறுகள் அத்தனையும் உங்கள் ஆயுளோடு சேர்க! தினமும் வாருங்கள், கதவு திறந்திருக்கும், டீயும் வரும்.

செவ்வாய் மட்டும் வராதீர்கள். அன்று சாவி ஆளோடு லீவில் போகும். அந்த ஒரு நாளை விட்டுத்தர, எத்தனை ஞாயிறு கொடுத்தாலும் அவருக்கு மனம் வராது.

இவண்,
துறைப் பணியாளர்கள் சார்பில்,
சாவி வைத்திருக்கும் அட்டெண்டர்