கிராஞ்சிக்கு 'கிளியர்' போட்டவர்

விடியற்காலை நாலே முக்கால். சிங்கப்பூரில், கிராஞ்சிப் பண்ணைகளுக்கு நடுவே போகும் ஒற்றைச் சாலை... நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பன் யாசரின் மச்சான் ஹுசைனுக்கு நடந்தது. தேக்காவில் டீ குடிக்கும்போது யாசர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

ஹுசைனுக்கு லாரி வேலை. விடுதியிலிருந்து தொழிலாளர்களை ஏற்றிப் போவார். ஓட்டுநர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. எங்கே ஜாம், எங்கே விபத்து என்று உடனுக்குடன் போட வேண்டும். ஒரே ஒரு கட்டுப்பாடு... அந்த இடத்தைத் தாண்டிப் போனவர் மட்டும்தான் 'கிளியர்' போடலாம்.

வெள்ளிதோறும், படமில்லாத ஓர் எண்ணிலிருந்து அதே செய்தி வரும். 'பண்ணை ரோட்ல லாரி கவுந்து கெடக்கு. யாரும் வராதீங்க.' எல்லாரும் சுற்றிக்கொண்டு போவார்கள். ஒருவரும் போய்ப் பார்த்ததில்லை, கிளியரும் போட்டதில்லை.

ஹுசைன் பால் பாக்கெட்டில் தேதியை இரண்டு முறை பார்க்கிற ஆள். "எவனோ நம்மள சுத்த விட்டுட்டு வேடிக்கை பாக்குறான் லா," என்று ஒரு வெள்ளி விடியலில் அந்த ரோட்டிலேயே நேராக விட்டார்.

சாலை காலி. லாரியும் இல்லை, ஒன்றும் இல்லை. கோழி எரு நாற்றம் மட்டும்... திடீரென்று அதுவும் நின்று, பச்சை டீசல் வாடை. இருட்டில் எங்கோ லாரியின் பின்கதவுச் சங்கிலி ஆடுவதுபோல் சத்தம். கிளிங்... கிளிங். இறங்கித் தேடினார். ஆளில்லை. வந்ததே ஆத்திரம்! கொஞ்ச தூரம் தாண்டி, ஓரமாக நிறுத்தி, 'கிளியர்' என்று போட்டார்.

உடனே அந்தப் படமில்லாத எண்ணிலிருந்து பதில். 'நன்றி அண்ணே. கவுந்த லாரியில இருந்த பன்னெண்டு பேரும் கெளம்பிட்டோம்.'

மூன்றே நிமிடம். 'தெம்பனிஸ் வந்தாச்சு.'

கிராஞ்சியிலிருந்து பறந்தாலும் அரை மணி ஆகும். ஹுசைனின் வீடு தெம்பனிஸில்தான், ஏழாவது மாடி. மனைவி முனீரா தனியாக இருந்தார்.

'கார்பார்க்.'

'லிஃப்ட்.'

வீட்டுக்கு அழைத்தார். "முனீரா, யாரு தட்டினாலும் கதவத் தொறக்காத!"

"யாரும் வரலியே. ஏன் இப்படி மூச்சு வாங்குறீங்க?... இருங்க, வெளியில ஏதோ சங்கிலி சத்தம் கேக்குது..."

அழைப்பு அறுந்தது.

குழுவில் செய்தி வந்தது. 'ஏழாவது மாடி. கதவு மூடியிருக்கு.'

ஹுசைன் மறுபடியும் முனீராவை அழைத்தார். மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது...

அப்புறம் ஒரே ஒரு சொல். 'கிளியர்.'

அனுப்பிய எண் முனீராவுடையது. அவர் அந்தக் குழுவில் இருந்ததே இல்லை.