ஒரு நாளைக்கு ஒரு விரிப்பு

துணி காயப்போட வாவிப் பக்கத்துக் காற்றுதான் நல்லது. கடல் பக்கம் போட்டால் உப்பு ஏறி, மடிக்கும்போது பிசுபிசுக்கும். காத்தான்குடியில் இரண்டு காற்றும் கிடைக்கும், ஆனால் என் கொடி வாவிப் பக்கம்தான். என் கணவர் உசனாரின் மரணத்தைப் பற்றித்தான் கேட்டீர்கள், தெரியும். என் வீடு எப்படிப்பட்ட வீடு என்று விளங்கினால்தான், சேர், நீங்கள் விசாரணை அறிக்கையைச் சரியாக எழுதலாம்.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. உம்மாவும் வாப்பாவும் கட்டி, சாவியை என் கையில் தந்தார்கள். உசனார் கலியாணம் முடித்து இங்கே வந்தவர். முப்பத்தொரு வருடமாகச் செருப்பை நான் காட்டிய இடத்திலேயே கழற்றினார். நல்ல மனுசன். கரண்ட் பில் ஒரு மாதம் பிந்தியதில்லை. சுத்தம் ஈமானில், அதாவது இறைநம்பிக்கையில், பாதி என்பார்கள். மற்றப் பாதியைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை.

போன வருடம் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. ஒரு கையும் காலும் பேச்சும் போயின. நாம் பேசுவது விளங்கும், கண்ணால் பதில் சொல்வார். நிறையத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார் டாக்டர். கொடுத்தேன். கொடுத்ததெல்லாம் படுக்கைக்கு வந்தது. பம்பர்ஸ் கட்டினால் புண். ஒரு நாளைக்கு ஆறு விரிப்பு, ஏழு விரிப்பு. வருகிறவர்கள் மூக்கைச் சுளிக்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வெட்கமாக இருந்தது.

பிறகு நோன்பு மாதம். நானும் நோன்பு பிடித்துக்கொண்டு அவருக்கு வேளைக்கு வேளை கொடுப்பது கஷ்டம். விடியுமுன் சஹர் நேரத்தில் ஒரு கோப்பை, நோன்பு திறக்கும்போது ஒரு கோப்பை என்று வைத்தேன். ஒரு நாளைக்கு ஒரு விரிப்போடு முடிந்தது. அவருடைய தங்கை நபீஸா தன் காக்காவைப் பார்க்க வந்தாள்.

"வருத்தக்காரருக்கு நோன்பு கடமையில்ல மச்சி. காக்காக்குத் தண்ணி குடுங்க."

"அவருக்கும் ஆசைதானே. கண்ணாலயே நோன்புக்கு நிய்யத்து வெச்சிட்டாரு."

நபீஸா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "காக்காட நோன்ப அல்லாஹ் கபூலாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சன்னல் சீலையை இழுத்துவிட்டேன்.

பெருநாள் வந்தது. எல்லாரும் பகலில் சாப்பிடத் தொடங்கினார்கள், நானும்தான். அவருடைய ஒழுங்கை மட்டும் மாற்றவில்லை. நன்றாக நடக்கிற ஒன்றை ஏன் குழப்ப வேண்டும்? கொஞ்ச நாளில் சஹர் கோப்பையும் நின்றது. விடியுமுன் எழும்ப இனிக் காரணம் இல்லையே. அந்திக்கு ஒரு கோப்பை. உதடு வெடித்தது, வாசலின் பூசினேன். "அஸீமாட வீட்டுல வருத்தக்காரர் இரிக்கிற மாதிரியே இல்ல" என்று அடுத்த வீட்டார் சொன்னார்கள். நான் சந்தோசப்பட்டேன். அதை மறைக்க என்ன இருக்கிறது.

கடைசி வாரம் அவருக்குப் பேச்சு வந்தது. ஒரே ஒரு சொல், ஆனால் தெளிவாக. கட்டாரில் இருக்கும் மகள் ஷஸ்னாவுக்கு அன்றே அறிவித்தேன்.

"வாப்பா பேசுறாரா உம்மா? என்ன செல்றாரு?" என்று அழுதாள்.

"ஒன்னத்தான் கேக்குறாரு" என்றேன். பிள்ளை மனம் குளிரட்டுமே.

தண்ணி என்றுதான் சொன்னார். நாலு நாள் சொன்னார். ஐந்தாம் நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகும் இரண்டு தரம் சொன்னார். பிறகு சொல்லவில்லை. கோப்பை என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எனக்குக் கேட்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன், சேர். அப்போதுதான் விரிப்பு மாற்றியிருந்தேன்.