நாற்பத்தொன்றாம் எண்

ஆராய்ச்சிக்கு எச்சில் வாங்குவது லேசான வேலை இல்லை, டாக்டர். வயதானவர்களுக்கு வாய் காய்ந்து கிடக்கும். குழாயைக் கையில் கொடுத்துத் துப்பச் சொன்னால், ஊரையே அதட்டிய பெரிய மனிதர்கள்கூடக் கூச்சப்படுவார்கள். நான் எதிரே உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுப்பேன். தானாக ஊறிவிடும். ஒன்பது வருடத்தில் ஒரு குழாய்கூட நான் குறையாகக் கொண்டுவந்ததில்லை. நாற்பத்தொன்றாம் எண்ணைப் பற்றி எழுதித் தரச் சொன்னீர்கள். இதிலும் குறை வைக்க மாட்டேன்.

நாற்பத்தொன்று என் அக்கா. சொந்தக்காரர்களை ஆராய்ச்சியில் சேர்க்கக் கூடாது என்பது உங்கள் விதி. அவளுக்கு அத்தானுடைய இனிஷியல், எனக்கு அப்பாவுடைய இனிஷியல். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படுத்த படுக்கையாக இருந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது, எல்லாருடைய கண்ணும் என் பக்கம் திரும்பியது. பதினோரு வருடம் பார்த்தேன். அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் பழங்களோடும் புத்திமதியோடும் வந்து போவாள். அவள்மேல் வெறுப்பு உண்டா என்று கேட்டீர்கள். உண்டு.

அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஊரில் பாதிப் பேருடைய நம்பர் மனப்பாடம். கூட வேலை பார்த்தவர்கள் அவளை டைரக்டரி என்றுதான் கூப்பிடுவார்கள். எழுபத்தாறு வயதிலும் உங்கள் பதினைந்து வார்த்தைப் பட்டியலில் பதினான்கைத் திருப்பிச் சொன்னாள். பதினைந்தாவதை அடக்கத்துக்காக விட்டிருப்பாள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அம்மா இறந்த அன்று மத்தியானம் மூன்று பத்துக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டாள். லைன் கிடைக்கவில்லை. வேறு யாராவது என்றால், யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று விட்டிருப்பார்கள். இவள் லைனுக்குள் புகுந்து கேட்டாள். பேச்சு இல்லை. ரிசீவரை எடுத்துக் கீழே வைத்திருந்தது. தூரத்தில் அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. ரேடியோவும் கேட்டது. யாரோ அதன் சத்தத்தைக் கூட்டினார்கள். அக்கா அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தபோது நாலு மணி ஆகிவிட்டது.

அதை அவள் இருபத்தெட்டு வருடம் வாய்திறந்து யாரிடமும் சொல்லவில்லை. அத்தான் போன பிறகு என்னோடு வந்து தங்கினாள். அப்போதும் அந்தப் பேச்சு இல்லை. இந்த வருட ஆரம்பத்தில், வெளிநாட்டில் இருக்கும் தம்பி வருடக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்து இருக்கப்போவதாகச் சொன்னான். அன்று சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, போனில் தான் கேட்டதை அக்கா முதல் தடவையாக என்னிடம் சொன்னாள்.

"அவன் வரட்டும், சொல்லிடறேன். இதைச் சுமந்துகிட்டே போய்ச் சேர என்னால முடியாதுடி."

சின்னக்கா இல்லையென்றால் அம்மா அநாதையாகப் போயிருப்பாள் என்று வாய்க்கு வாய் சொல்பவன் தம்பி. இந்த உலகத்தில் என்னை நல்லவள் என்று நினைக்க அவன் ஒருவன்தான் மிச்சம். அவனையும் அவள் எடுத்துக்கொள்ளப் பார்த்தாள். அவன் வருவதற்குள் எனக்குப் பத்து மாதம் இருந்தது.

அந்த வாரம்தான் நீங்கள் எங்களுக்கு வகுப்பு எடுத்தீர்கள். பயத்திலும் கவலையிலும் கார்ட்டிசால் சுரக்கிறது. மாதக்கணக்கில் இறங்காமலே இருந்தால் மூளையில் நினைவைச் சேர்க்கும் இடத்தை அரிக்கும். வயதானவர்களுக்கு அது இன்னும் ஆபத்து என்றீர்கள். நன்றாகப் புரிகிற மாதிரி சொன்னீர்கள். எச்சில் குழாய்களை வைக்கிற ஐஸ் பெட்டி வந்துவிட்டதென்று வெளியிலிருந்து கூப்பிட்டார்கள். பாதியில் எழுந்து போனேன். கேட்டவரைக்கும் போதும் என்று தோன்றியது.

கார்ட்டிசால் ஏறுகிறதா என்று பார்க்க, மறுநாளே அவளை ஆராய்ச்சியில் சேர்த்தேன். அவள் மூக்குக்கண்ணாடியை இடம் மாற்றி வைத்தேன். அவள் அணைத்த அடுப்பை மறுபடி பற்றவைத்துவிட்டு, வீட்டைக் கொளுத்தப் பார்த்தாயே என்று கேட்டேன். தெருமுனையில் நின்றுகொண்டு வீட்டுக்குப் போன் போட்டு, எடுத்ததும் வைத்தேன். இரண்டாவது மணிக்குமேல் அடிக்க விடக் கூடாது என்பது அவளுக்கு ரத்தத்தில் ஊறியது. முழங்கால் வலியோடு ஒவ்வொரு தடவையும் ஓடி வருவாள். தம்பிக்கு அவசர ஆபரேஷன், பிழைப்பது கஷ்டம் என்று ஒரு நாள் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்து, அது வேறு யாரோவாம் என்றேன். ஒரே மாதிரி பயம் என்றால் பழகிப்போகும். அதனால் நாளையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தேன். அவள்மேல் கை வைத்ததில்லை. ஒரு வேளை சோறு தவறியதில்லை.

எல்லாருக்கும் காலையில் ஏறி மாலையில் இறங்குகிற கார்ட்டிசால் அளவு, நான்காவது மாதத்தில் அவள் எச்சிலில் இறங்குவதை நிறுத்திக்கொண்டது. பட்டியலில் பதினான்கு ஒன்பதானது, ஒன்பது நான்கானது. ஒரு நாள் கையில் உப்பு டப்பாவோடு வந்து நின்று, "நான் பைத்தியமாயிட்டேனாடி?" என்று கேட்டாள். வயசானா அப்படித்தான் என்று சொல்லித் தலை வாரிவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றைய எச்சிலும் சரியான நேரத்துக்கு எடுக்கப்பட்டது, நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

தம்பி வந்தபோது அவளுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. யார் சார் வேணும் என்றாள். அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். எனக்கு அப்பாடா என்று இருந்தது, மறைப்பானேன். நான் காபி போட உள்ளே போனேன். அப்போது கூடத்தில் அவள் குரல் கேட்டது. எக்ஸ்சேஞ்சில் பேசுகிற அந்தப் பழைய குரல், ஒரு நடுக்கம் இல்லை.

"மணி மூணு பத்து. ரிசீவர் கீழ இருக்கு. அம்மா அவளைக் கூப்பிடுறாங்க. அவ ரேடியோவைச் சத்தமா வைக்கிறா."

பெரியக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, எதையோ உளறுகிறாள் என்றேன். அவன் என்னை நம்பத்தான் பார்த்தான். மறுநாள் அவளை அழைத்துக்கொண்டு உங்கள் அறைக்கு வந்தான். நான் எழுந்து போன பிறகு வகுப்பில் சொன்ன மீதியை நீங்கள் அவனிடம் சொன்னீர்கள். பயத்தின் உச்சத்தில் பதிந்தது மற்றதைப் போல லேசில் போகாது, எல்லாம் போன பிறகும் அது மட்டும் நிற்கலாம் என்று. அதைக் கேட்டுவிட்டு அவன் நேராக வீட்டுக்கு வந்தான். அவளுடைய துணிகளை எடுத்துக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

அக்காவுக்கு நான் செய்தது மேலே இருக்கிறது. அம்மா விஷயமும் அவள் சொன்னபடிதான். மூச்சு முட்டிக் கூப்பிட்டாள், நான் போகவில்லை. ரிசீவரை எடுத்து வைத்ததும் நான், ரேடியோவைக் கூட்டியதும் நான்.

ஆனால் நீங்கள் என்னைக் கல்நெஞ்சக்காரி என்றீர்கள், அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அம்மா பதினேழு தடவை கூப்பிட்டாள். பதினேழையும் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று எண்ணினேன். கடைசிவரை நான் அவளைத் தனியாக விடவில்லை.