சிவப்பு மூடியும் வெள்ளை மூடியும்

என் தங்கைக்கு மேசையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் அவள் சிந்துவதை எல்லாம் துடைப்பது நான்தான்.

நாங்கள் ஆராய்ந்தது கொஞ்சம் கெட்டிக்காரக் கிருமி, ஐயா. தன் புரதத்தை ஊசி போடுவதுபோல உடம்பின் செல்லுக்குள் செலுத்தும். செல் தானே கதவைத் திறந்து கிருமியை உள்ளே விட்டுவிடும். எந்தப் புரதம் இதைச் செய்கிறது என்று அறிய, அந்தப் புரதத்தை நீக்கிய கிருமியையும் நீக்காததையும் தனித்தனியே செல்களின் மேல் விட்டு ஒப்பிட வேண்டும். நீக்கியதற்கு வெள்ளை மூடி. அது சாது, திறந்த மேசையிலேயே கையாளுவோம். நீக்காததற்குச் சிவப்பு மூடி. அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டும்தான் திறப்போம்.

புரதத்தை ஒளிரவைத்துப் பார்க்கும் முறையை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். அதை வைத்து விடையைப் பிடித்தவள் அவள். "பெரியவ உழைப்பாளி, சின்னவளுக்குத்தான் மூளை" என்றார் பேராசிரியர், எல்லார் முன்னாலும். அம்மாவும் அதையே போனில் சொல்லிச் சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது.

மூடிகளை மாற்றிப் போட்டேன், அவ்வளவுதான். அடுத்த முறை அவள் முடிவு தலைகீழாக வரட்டும், நாலு பேர் முன்னால் ஒரு நாளாவது திருதிருவென்று முழிக்கட்டும் என்று நினைத்தேன். அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி திறந்த மேசையில் வெள்ளை மூடியைத் திருகினாள். கூப்பிட்டிருக்கலாம். வேலையில் இருப்பவளை எதற்குத் தொந்தரவு செய்வது என்று விட்டுவிட்டேன். என் முகமூடியை மட்டும் சரிசெய்துகொண்டேன்.

காய்ச்சலில் விழுந்தவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் என்னிடம்தான் கேட்டார்.

"லேப்ல ஆபத்தான கிருமி எதையாவது தொட்டாங்களாம்மா? தெரிஞ்சா இப்பவே மருந்த மாத்திடலாம்."

"இல்ல டாக்டர். வெள்ளை மூடி போட்டதத்தான் தொட்டா. அது சாது."

அதில் பாதி உண்மைதானே.

தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, என் செல்லுங்கள வாட விட்டுடாத, பாத்துக்கோ" என்றாள். பார்த்துக்கொண்டேன். செல் வளர்த்த ஒரு தட்டுகூடக் கெட்டுப்போகவில்லை.

அவள் போன பிறகு மூடிகளைச் சரியாகப் போட்டு, முழுப் பரிசோதனையையும் நானே செய்தேன். அவள் சொன்னது அப்படியே வந்தது. கட்டுரையில் முதல் பெயர் என்னுடையது. இரண்டாவதாக அவள் பெயரைப் போட்டு, அதற்கு முன்னால் "மறைந்த" என்று சேர்க்கச் சொன்னதும் நான்தான். அக்கா என்று ஒருத்தி இருந்தால் இதையாவது செய்ய வேண்டாமா.